அம்மா பேரு நிங்போ துறைமுகத்துல நின்ன கதை

2018 ஆகஸ்ட்ல ஒரு செவ்வாக்கிழமை. காலைல டீ குடிச்சிட்டு சீட்ல வந்து உக்காந்தா சரக்க கப்பல்ல அனுப்பி வைக்கிற ஃபார்வர்டர்கிட்ட இருந்து மெசேஜ், "சார் உங்க கன்டெய்னர் சைனாவுல நிங்போ துறைமுகத்துல ஹோல்டு, ட்ரேட்மார்க் மேட்டராம், கஸ்டம்ஸ் விட மாட்டேங்குறாங்க"ன்னு. எனக்கு மொதல்ல புரியவே இல்ல. பேப்பர்ல ஏதாச்சும் நம்பர் மாறிப் போயிருக்கும், சரக்கு என்ன வகைன்னு கஸ்டம்ஸுக்குச் சொல்ற எச்எஸ் கோடு தப்பா போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். ஏன்னா ஆர்டர் குடுத்தது நாங்க, அட்வான்ஸ் கட்டுனது நாங்க, ஃப்ளாஸ்க் மேல இருக்குற பேரு எங்க கம்பெனி பேரு. எங்க பேர நாங்களே போட்டு எங்க ஊருக்கு நாங்களே கொண்டு வர்றதுல வேற யாருக்கு என்ன இருக்கு?

இருந்துச்சு. அந்த நாட்டுல அந்தப் பேரு எங்களோடது இல்ல.

ரொம்ப நாளா இத எழுதணும்னு மனசுல கெடக்கு. கோயம்புத்தூர், திருப்பூர், சென்னைன்னு சைனாவுல சரக்கு செஞ்சு வாங்குற சின்னக் கம்பெனிங்க எவ்வளவோ இருக்கு, நான் பேசிப் பாத்த பல பேருக்கு இது தெரியல, எங்களுக்கும் அன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க நாங்க குடுத்த விலை பெருசு, அதனால எழுதுறேன்.

கம்பெனி பேர இங்க சொல்லப் போறதில்ல. கோயம்புத்தூர்ல கணபதிங்கற ஏரியா பக்கம் ஷெட்டு போட்டு ஆரம்பிச்ச கம்பெனி. எங்க முதலாளியோட அம்மா ஆட்டாங்கல்லுல மாவாட்டி தெருவுல வித்துத்தான் பிள்ளைங்கள வளத்தாங்க. அவங்க கைவலி தாங்காம அழுதத பாத்துட்டு அவரு செஞ்சு குடுத்ததுதான் மொத கிரைண்டரு, அதுக்கு அவங்க பேரையே வச்சாரு. அப்புறம் மிக்ஸி, அடுப்பு, டீலர்ங்க கேக்குறாங்கன்னு ஃப்ளாஸ்க், எல்லாத்துலயும் அதே பேருதான். ஃப்ளாஸ்க் மட்டும் சைனாவுல ஜெஜியாங் மாகாணத்துல இருக்குற யோங்காங்ல செஞ்சு வாங்குனோம், ஃப்ளாஸ்க், பாத்திரம், கதவு, பூட்டுன்னு இரும்புச் சாமான் தொழில் மொத்தமும் அங்கதான் கெடக்கு. 2014 ஏப்ரல்ல குவாங்சோல நடக்குற கேன்டன் ஃபேர்ங்கற பெரிய வியாபாரக் கண்காட்சில ஒரு ஃபேக்டரிய புடிச்சு, விசிட்டிங் கார்டு, கேட்டலாக், லோகோ ஃபைல் எல்லாம் அன்னிக்கே குடுத்துட்டு வந்தோம். சந்தோஷமா குடுத்தோம். நாலு வருஷம் நல்லாத்தான் போச்சு, அவங்க வீட்டுல சாப்பிட்டிருக்கேன், அவங்க பையனுக்கு நம்ம ஊர் மைசூர்பாகு வாங்கிட்டுப் போயிருக்கேன். 2018ல வெல ஏத்துனாங்கன்னு அதே ஊர்ல வேற ஃபேக்டரிக்கு மாறுனோம். மாறி மொத கன்டெய்னரே நின்னு போச்சு.

நிறுத்துனது பழைய ஃபேக்டரி ஓனரோட மச்சான். 2014லயே, நாங்க ஃபேர்ல இருந்து திரும்பி வந்த ரெண்டாவது மாசமே, எங்க பேர இங்கிலீஷ் எழுத்துல அப்படியே தன் பேர்ல மனு போட்டு, அடுத்த வருஷம் பதிவும் வாங்கிட்டான். நாலு வருஷம் அத வச்சுக்கிட்டு வாயே தெறக்கல. நாங்க வேற ஃபேக்டரிக்குப் போற வரைக்கும் அது அவனுக்குத் தேவைப்படல.

சைனாவுல ட்ரேட்மார்க் யாரு முதல்ல மனு போடுறாங்களோ அவங்களுக்குத்தான். நீங்க நாப்பது வருஷம் வித்திருந்தாலும் சரி, உங்க ஊர்ல உங்க பேரத் தெரியாத ஆளே இல்லன்னாலும் சரி, பீஜிங்ல இருக்குற ட்ரேட்மார்க் ஆபீஸ்ல உங்க மனு இல்லன்னா அடிப்படையில உங்ககிட்ட ஒண்ணும் இல்ல. நம்ம ஊர்ல பழகுன மனசுக்கு இது ஏறவே மாட்டேங்குது, ஏன்னா நம்ம 1999 சட்டத்துல முதல்ல பயன்படுத்துனவங்களுக்கு எடம் இருக்கு, பதிவு வேற ஒருத்தர் வாங்கியிருந்தாலும் "அதுக்கு முன்னாடி இருந்தே நான் இந்தப் பேர்லதான் விக்கிறேன்"னு பில்லு, விளம்பரம் எல்லாம் காட்டி நிக்கலாம்.

இன்னொரு விஷயம் என்ன ரொம்ப ஆட்டிப் போட்டுச்சு. கஸ்டம்ஸ்னா உள்ள வர்ற சரக்கத்தான் பாப்பாங்கன்னு நெனச்சிருந்தேன். சைனா கஸ்டம்ஸ் வெளிய போற சரக்குலயும் ட்ரேட்மார்க் பாக்குது. பதிவு வச்சிருக்குறவங்க அத கஸ்டம்ஸ் தலைமை ஆபீஸ்ல ஒரு தடவ பதிஞ்சு வச்சா போதும், நாட்டுல எந்தத் துறைமுகத்துல அந்தப் பேரோட பெட்டி கண்ணுல பட்டாலும் நிறுத்தி அவங்களுக்குத் தகவல் சொல்லுவாங்க. அவங்க 3 வேலை நாளுக்குள்ள "ஆமா, புடிச்சு வைங்க"ன்னு எழுதிக் குடுத்து டெபாசிட் கட்டணும், அது அதிகபட்சம் 1 லட்சம் யுவான். அந்த மச்சான் இது எல்லாத்தையும் முன்னாடியே ரெடியா வச்சிருந்தான்.

முதலாளிகிட்ட போய் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "ஏனுங்க தம்பி, அது எங்கம்மா பேருங்க. அவன் எப்படீங்க அத தன் பேருன்னு எழுதிக் குடுப்பான்?"னு கேட்டாரு. பதில் தெரியலீங்ண்ணா, தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்னு மட்டும் சொன்னேன். அந்தக் கேள்விக்காக அடுத்த ரெண்டு மாசம் நான் படிச்சது காலேஜ்லகூட படிச்சதில்ல.

மொதல்ல படிச்சது ஆப்பிளோட ஐபேட் கேஸு. ப்ரோவியூன்னு மானிட்டர் செய்யுற ஒரு கம்பெனி, 2000த்துல இருந்தே பல நாட்டுல ஐபேட்ங்கற பேர பதிவு பண்ணி வச்சிருந்துச்சு, ஆப்பிள் டேப்லெட் வர்றதுக்கு பத்து வருஷம் முன்னாடி. இதுல திருட்டு ஒண்ணும் இல்ல, அவங்க நெஜமாவே அந்தப் பேர்ல ஒரு கம்ப்யூட்டர் செஞ்சாங்க. ஆப்பிள் தன் பேர் வெளிய தெரியாம, இங்கிலாந்துல ஒரு சின்னக் கம்பெனிய உருவாக்கி, அது வழியா 2009 டிசம்பர்ல 35,000 பவுண்டுக்கு அந்தப் பேர வாங்குச்சு. கையெழுத்து போட்டது தைவான்ல இருக்குற ப்ரோவியூ. ஆனா சைனா மெயின்லேண்டுல பதிவு இருந்தது ஷென்ஜென்ல இருக்குற ப்ரோவியூ பேர்ல. ஒரே குழுமம், ஒரே முதலாளி, ஆனா சட்டத்துக்கு அது வேற ஆளு. 2011 டிசம்பர்ல ஷென்ஜென் கோர்ட்டு ஆப்பிள் கேட்டத தள்ளுபடி பண்ணுச்சு. 2012 ஆரம்பத்துல சில ஊர்ல அதிகாரிங்க கடைக்குள்ள போய் ஐபேட் பெட்டிகள அள்ளிட்டுப் போனாங்க. கடைசில 2012 ஜூலைல 6 கோடி டாலர் குடுத்து ஆப்பிள் சமரசம் ஆச்சு. மொதல்ல குடுத்த காசுக்கு ஆயிரம் மடங்குக்கும் மேல.

இதப் படிச்சப்போதான் எங்க அக்ரிமெண்ட்ட எடுத்துப் பாத்தேன். பழைய ஃபேக்டரியோட போட்டது, இங்கிலீஷ்ல நாலு பக்கம், அதுல "எங்க பேர வேற எதுக்கும் பயன்படுத்தக் கூடாது"ன்னு ஒரு வரி நல்லாவே இருந்துச்சு. ஆனா ஃபேக்டரி பேரு இங்கிலீஷ்ல இருந்துச்சு. சைனாவுல ஒரு கம்பெனிக்கு சட்டப்படி இருக்குற பேரு சீன எழுத்துல இருக்குறது மட்டும்தான், இங்கிலீஷ் பேரு அவங்க விசிட்டிங் கார்டுக்காக வச்சுக்கிறது, எப்ப வேணா மாத்திக்கலாம். கையெழுத்தவிட அங்க முக்கியம் கம்பெனியோட வட்டமான செகப்பு சீலு, அது எங்க அக்ரிமெண்ட்ல இல்ல. தகராறு வந்தா கோயம்புத்தூர் கோர்ட்டுன்னு வேற எழுதி வச்சிருந்தோம், அத எழுதுனப்போ நமக்கு சாதகமா எழுதிட்டோம்னு பெருமையா இருந்துச்சு. இங்க வாங்குற தீர்ப்பு அங்க நேரடியா செல்லாதுன்னு அப்ப எங்களுக்கு யாரும் சொல்லல. அந்த நாலு பக்கத்த எழுதுனவன் நான்ங்கறதால அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அப்புறம் ஜோர்டன் கேஸு. இதத்தான் முதலாளி உக்காந்து முழுசா கேட்டாரு, ஏன்னா இது கம்பெனி பேரு இல்ல, ஒரு மனுஷனோட பேரு. பாஸ்கெட்பால் ஆடுன மைக்கேல் ஜோர்டன சைனாக்காரங்க "ச்சியாவ்டான்"னுதான் சொல்லுவாங்க, ஜோர்டன்ங்கற பேரு அவங்க வாய்ல அப்படித்தான் வரும். ஃபூஜியான் மாகாணத்துல ஜின்ஜியாங்னு செருப்பு, ஷூ செய்யுற ஊரு, அங்க ஒரு கம்பெனி அந்தச் சீன எழுத்துப் பேர தன் பேரா பதிஞ்சு, பந்தோட குதிக்கிற ஆளு உருவத்தையும் பதிஞ்சு, நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கடை போட்டுருச்சு. ஜோர்டன் 2012ல கேஸ் போட்டாரு. கீழ எல்லா எடத்துலயும் தோத்தாரு. 2016 டிசம்பர் 8 அன்னிக்கு சைனாவோட உச்ச நீதிமன்றம் சீன எழுத்துல இருந்த பேரு அவரோட பெயர் உரிமைய மீறுதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு, ஆனா அதே உச்சரிப்ப இங்கிலீஷ் எழுத்துல எழுதுன மார்க்க விட்டுருச்சு. பழைய பதிவுங்க பலது தப்பிச்சிருச்சு, ஏன்னா பதிவாகி 5 வருஷம் தாண்டுனா இந்த மாதிரி காரணத்துக்காக ரத்து பண்ணச் சொல்லிக் கேக்க முடியாது. 2020 டிசம்பர்ல ஷாங்காய் கோர்ட்டுல இன்னொரு தீர்ப்பு அவருக்கு சாதகமா வந்து, மன உளைச்சலுக்குன்னு 3 லட்சம் யுவான் குடுக்கச் சொன்னாங்க. உலகத்துல பாதிப் பேருக்குத் தெரிஞ்ச மனுஷன், தன் பேருக்காக எட்டு வருஷம்.

"அப்ப எங்கம்மா பேருக்கும் அந்த உரிமை இருக்குமுங்களே?"ன்னாரு. ஷாங்காய்ல நாங்க புடிச்ச வக்கீலம்மாகிட்ட இதத்தான் கேட்டேன். அவங்க ரொம்ப பொறுமையா சொன்னாங்க, அந்த உரிமைக்கு சைனா மக்களுக்கு அந்தப் பேரு தெரிஞ்சிருக்கணும், பேரக் கேட்டதும் அந்த ஆளு ஞாபகம் வரணும், அதனால உங்க அம்மா விஷயத்துல அது நிக்காதுன்னு. கணபதில மாவாட்டி வித்த ஒரு அம்மாவ யோங்காங்ல யாருக்குத் தெரியும். சட்டமா பாத்தா அவங்க சொன்னது சரி. ஆனா அத முதலாளிகிட்ட தமிழ்ல திருப்பிச் சொல்ற வேலை எனக்கு இருந்துச்சே, அத நான் மறக்க மாட்டேன்.

அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். முதலாளி கோவத்துல "நம்ம ஊரா இருந்தா இப்படி நடக்குமா"ன்னு கேட்டப்போ, கோயம்புத்தூர்ல எங்க ஆபீஸ் விஷயம் பாக்குற வக்கீல் சாரு டொயோட்டா கேஸ சொன்னாரு. ப்ரியஸ்னு காரு, டொயோட்டா 1997ல ஜப்பான்ல விட்டது. இந்தியால ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி அதே பேர்ல குரோம் பூசுன கார் சாமான் செஞ்சு 2002ல பதிவும் வாங்கிருச்சு, ஹிந்தில "பெஹ்லா ப்ரயாஸ்", அதாவது முதல் முயற்சி, அதுல இருந்து எடுத்த பேருன்னு சொன்னாங்க. டொயோட்டா 2009ல டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போச்சு, 2017 டிசம்பர் 14ல நம்ம சுப்ரீம் கோர்ட்டு டொயோட்டாவுக்கு எதிராத் தீர்ப்பு குடுத்துச்சு. உலகத்துல பேரு வாங்கியிருந்தா பத்தாது, அந்த இந்தியக் கம்பெனி இங்க அந்தப் பேர பயன்படுத்த ஆரம்பிச்ச 2001 சமயத்துலயே இந்த நாட்டுல அந்தப் பேருக்கு மதிப்பு இருந்துச்சுன்னு காட்டணும், அத டொயோட்டா காட்டலன்னு சொல்லிட்டாங்க. அதே கோர்ட்டு 1996ல வேர்ல்பூல் வாஷிங் மெஷின் விஷயத்துல வெளிநாட்டுக் கம்பெனி பக்கம் நின்னுருக்கு, பத்திரிகை விளம்பரம் வழியாவே பேரு இங்க வந்து சேந்துருச்சுன்னு ஏத்துக்கிட்டு. ஆக எந்த நாட்டுக் கோர்ட்டா இருந்தாலும் கேக்குறது ஒரே கேள்விதான், இந்த மண்ணுல இந்தப் பேரு யாரோடது? வேற மண்ணுல யாரோடதுங்கறது அவங்களுக்கு ரெண்டாம் பட்சம். சைனாவ மட்டும் திட்டிட்டு இருந்தா நமக்கு எதுவும் புரியாதுன்னு எனக்கு அப்பதான் தோணுச்சு.

சரி, கன்டெய்னருக்கு வர்றேன். தீபாவளி நவம்பர் 6. டீலர்ங்ககிட்ட ஃப்ளாஸ்க் வரும்னு ஜூலைலயே சொல்லியாச்சு. வக்கீலம்மா ஒரு வழி சொன்னாங்க: அதே நிங்போ கஸ்டம்ஸ்ல முன்னாடி ஒரு மெக்சிகோ கம்பெனிக்காக செஞ்ச பூட்டுங்க இதே மாதிரி நின்னுச்சு, அது 2015ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி, சரக்கு மொத்தமும் வெளிநாட்டுக்குத்தான் போகுது, சைனா சந்தைல விக்கல, அதனால மீறல் இல்லன்னு தீர்ப்பு வந்திருக்கு, அத வச்சு வாதாடலாம். ஆனா கோர்ட்டுக்குப் போனா தீபாவளி இல்ல, பொங்கலும் போயிரும். அந்தத் தீர்ப்ப நம்பி மட்டும் உக்காராதீங்கன்னும் சொன்னாங்க, நல்ல வேளை சொன்னாங்க, ஏன்னா 2019 செப்டம்பர்ல ஹோண்டா கேஸ்ல அதே உச்ச நீதிமன்றம் வேற மாதிரி சொல்லிருச்சு. மியான்மருக்குப் போக வேண்டிய 220 மோட்டார் சைக்கிள், மியான்மர்ல இருக்குற கம்பெனி அனுமதி குடுத்துத்தான் ஹோண்டா மாதிரி இருக்குற அதோட பேர போட்டிருந்தாங்க, இருந்தும் ஹோண்டாவோட உரிமைய மீறுதுன்னு தீர்ப்பு. ஏற்றுமதிக்கு மட்டும் செய்யுறோம், அதனால பயம் இல்லன்னு இன்னும் யாராச்சும் உங்ககிட்ட சொன்னா நம்பாதீங்க.

மச்சான் தரப்புல பேரத் திருப்பிக் குடுக்க 3 லட்சம் யுவான் கேட்டாங்க, அப்ப நம்ம காசுக்கு 30 லட்சம். இந்த ஒரு கன்டெய்னர மட்டும் விட 40,000 யுவான். முதலாளி ஒரு நாள் பூரா யோசிச்சாரு. கன்டெய்னருக்குப் பணம் குடுத்துருங்க தம்பி, டீலருக்கு குடுத்த வாக்கு அது, அம்மா பேருக்கு ஒத்தப் பைசா குடுக்க மாட்டேன்னாரு. அப்படியே பண்ணுனோம். அதுக்கப்புறம் வந்த ஃப்ளாஸ்க் எல்லாம் பேரே இல்லாம மொட்டையா வந்துச்சு, கணபதி ஷெட்டுல ரெண்டு பொண்ணுங்க உக்காந்து ஒண்ணொண்ணா பேரு அச்சடிச்சாங்க. ஒரு வருஷத்துக்கும் மேல இப்படித்தான் ஓடுச்சு.

பேருக்கு வேற வழியில போனோம். சைனா ட்ரேட்மார்க் சட்டத்துல 15ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, வியாபாரத் தொடர்பு வழியா அடுத்தவங்க பேரத் தெரிஞ்சுக்கிட்டு அத தன் பேர்ல பதிவு பண்ணக் கூடாதுன்னு, 2013 திருத்தத்துல அத இன்னும் விரிவாக்குனாங்க. எங்களுக்கு அதுதான் கைகுடுத்துச்சு. 2014 ஏப்ரல் மெயிலு, லோகோ ஃபைல் அனுப்புன தேதி, சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அவங்க குடுத்த மொத ப்ரொஃபார்மா இன்வாய்ஸ், பேங்க்ல பணம் அனுப்புன ஸ்விஃப்ட் காப்பி, அவன் அந்த ஃபேக்டரி ஓனரோட சொந்தக்காரன்னு காட்டுற பேப்பரு, எல்லாத்தையும் தேடித் தேடி எடுத்தேன். இன்வாய்ஸ்லயே பேரு, ஃப்ளாஸ்க் சைஸு, அளவு எல்லாம் அவங்க கையால எழுதியிருந்துச்சு. அந்த மெயில்கள நான் அழிக்காம வச்சிருந்தது எங்க அதிர்ஷ்டம். அவன் பதிவு செல்லாதுன்னு சொல்லச் சொல்லி 2018 அக்டோபர்ல மனு போட்டோம், அவன் பதிவு வாங்கி அஞ்சு வருஷம் ஆகல, அதனால கேக்க முடிஞ்சுது. இதுக்கு முடிவு சொல்ல சட்டப்படி 12 மாசம், தேவைன்னா இன்னும் 6 மாசம் நீட்டிக்கலாம். 2019 நவம்பர்ல அவன் பதிவு செல்லாதுன்னு முடிவு வந்துச்சு. பேர எங்க பேர்ல பதியச் சொல்லி கையோட நாங்க போட்டு வச்சிருந்த மனு அதுக்கப்புறம்தான் நகந்துச்சு. பதிவு கைக்கு வந்தப்போ கொரோனா வந்து நிங்போவும் கணபதியும் ரெண்டுமே மூடிக் கெடந்துச்சு.

இப்ப யாராச்சும் "அண்ணா, அக்டோபர் கேன்டன் ஃபேருக்குப் போறேன்"னு சொன்னா நான் விமான டிக்கெட் பத்திப் பேசுறதே இல்ல, மனு போட்டியான்னுதான் கேக்குறேன். பேரு எந்த வகைச் சாமானுக்குன்னு வகுப்பு வகுப்பா பிரிச்சுத்தான் பதியணும், அரசாங்க ஃபீஸு ஒரு வகுப்புக்கு 300 யுவான்தான், வக்கீல் செலவு சேத்தாலும் ஃபேருக்குப் போய் வர்ற ஹோட்டல் செலவவிட கம்மியா முடியும். மெயில்ல லோகோ அனுப்புறதுக்கு முன்னாடி மனு போடுங்க, சாம்பிள் கேக்குறதுக்கும் முன்னாடி. ஒரு வகுப்பு மட்டும் போட்டு நிக்காதீங்க, எங்களுக்கே மிக்ஸி, கிரைண்டர் 7ஆவது வகுப்பு, அடுப்பு, கெட்டில் 11, ஃப்ளாஸ்க் 21, அதுலயும் சைனாக்காரங்க ஒவ்வொரு வகுப்பையும் சின்னச் சின்ன உள்வகுப்பா பிரிச்சு வச்சிருக்காங்க, ஒரு உள்வகுப்புல நீங்க இருந்துட்டு பக்கத்து உள்வகுப்புல இன்னொருத்தன் அதே பேர்ல உக்காரலாம். இந்தியா 2013 ஜூலை 8ல மேட்ரிட் ஒப்பந்தத்துல சேந்துருச்சு, இங்க இருந்தே ஒரே மனுவுல பல நாட்டுக்குப் போடலாம், பல நாடு வேணும்னா அது நல்ல வழி, ஆனா சைனாவுக்கு மட்டும்னா அந்த உள்வகுப்புச் சிக்கலுக்காகவே அங்க நேரா போடுறது நல்லதுன்னு எங்க வக்கீலம்மா சொன்னாங்க, நாங்க அப்படித்தான் போட்டோம். அப்புறம் ஃபேக்டரிக்காரங்களோ ஏஜெண்டோ "உங்களுக்கு எதுக்கு அலைச்சல், நாங்களே எங்க பேர்ல பதிவு பண்ணிக்கிறோம்"னு அன்பா சொல்லுவாங்க, தயவுசெஞ்சு வேண்டாம்.

அங்கயே விக்கப் போறீங்கன்னா சீனப் பேரும் நீங்களே வச்சுப் பதியணும், நீங்க வைக்கலன்னா ஜனங்க வச்சிருவாங்க, ஜனங்க வச்சத வேற ஒருத்தன் பதிஞ்சிருவான். நம்ம ஊர்ல எந்தக் கம்பெனி சோப்புத்தூளா இருந்தாலும் சர்ஃபு, எந்த மெஷின்ல எடுத்தாலும் ஜெராக்ஸுன்னு சொல்லலையா, ஜனங்களோட வாய யாரும் கட்ட முடியாது. நியூ பேலன்ஸ் ஷூ கம்பெனி "ஷின் பைலுன்"னு ஒரு சீனப் பேர்ல வித்துச்சு, அது வேற ஒருத்தரோட பதிவுன்னு 2015ல குவாங்சோ கோர்ட்டு 9 கோடியே 80 லட்சம் யுவான் கட்டச் சொல்லுச்சு, அடுத்த வருஷம் மேல் கோர்ட்டுல 50 லட்சமா கொறஞ்சுது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த நெலம.

2019 நவம்பர்ல இருந்து அமலான திருத்தத்துல, பயன்படுத்துற எண்ணமே இல்லாம கெட்ட நோக்கத்துல போடுற மனுவ தள்ளணும்னு எழுதிட்டாங்க, இது நல்ல விஷயம், முன்னவிட நெலம மாறியிருக்குன்னு நானும் நம்புறேன். ஆனா அந்த ஃபேக்டரி மச்சான் மாதிரி ஆளுக்கு அது பொருந்தாது, அவன் ஃப்ளாஸ்க் செய்யுற எடத்துல இருக்குறவன், பயன்படுத்தத்தான் பதிஞ்சேன்னு சொல்லுவான். அதனால இப்ப மாசா மாசம் சைனா ட்ரேட்மார்க் கெஜெட்ட பாக்கச் சொல்லி ஒரு ஏஜென்சிக்கு காசு கட்டுறோம், யாராச்சும் எங்க பேர்ல மனு போட்டு அது வெளிவந்தா எதிர்ப்பு சொல்ல 3 மாசம்தான் டைம். எங்க பதிவையும் கஸ்டம்ஸ்ல பதிஞ்சாச்சு. பதிஞ்ச பேர 3 வருஷம் பயன்படுத்தலன்னா யாரு வேணா ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாங்கறதால, போற ஒவ்வொரு ஷிப்மெண்டோட பேப்பரையும் தனியா ஒரு ஃபைல்ல வைக்கிறேன்.

பதிவு சர்ட்டிஃபிகேட் வந்தன்னிக்கு முதலாளிக்கு சீன எழுத்து ஒண்ணும் படிக்கத் தெரியாதுன்னாலும் நடுவுல இங்கிலீஷ்ல இருந்த அம்மா பேர மட்டும் வெரலால தொட்டுப் பாத்தாரு. கீழ உரிமையாளர்னு போட்டிருக்குற எடம் எதுங்கன்னு கேட்டாரு, காட்டுனேன்.

இந்த வருஷம் பீங்கான் சாமான் பாக்கணும்னு வியட்நாம் போறேன்னாரு, ஹனோய் பக்கத்துல பாட் ட்ராங்னு பீங்கானுக்குப் பேரு போன ஊரு இருக்கு, பல நூறு வருஷமா அங்க அதுதான் தொழில். அங்கயும் முதல்ல மனு போட்டவங்களுக்குத்தான் பேரு. பயணம் 14ஆம் தேதி. மனு நம்பர் வர்ற வரைக்கும் யாருக்கும் கேட்டலாக் அனுப்ப வேண்டாங்ண்ணான்னு சொல்லியிருந்தேன், அவரும் பையில இருந்த விசிட்டிங் கார்டு கட்ட எடுத்து என் மேஜைல வச்சுட்டாரு. நேத்து சாயங்காலம் நம்பர் வந்துருச்சு. காலைல கார்ட திருப்பிக் குடுத்துட்டேன்.